முதல் ஜெட் போர்விமானங்கள் இரண்டு: நண்பருக்குக் கடிதம்

அன்புள்ள சுந்தரம்,

வணக்கம். கண் அறுவைக்குப் பிறகு நேற்றுதான் மருத்துவர் படிக்கவும் எழுதவும் அனுமதித்தார். பதில் தாமதமானதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கு 870 கிலோமீட்டர் பறந்த ஜெர்மானிய ஜெட் போர்விமானம் மெஸ்ஸர்ஷ்மிட் 262 எங்கே, 1944 ஜூலையில் படைப்பணிக்கு வந்தபோது ஏறத்தாழ 670 கிலோமீட்டரே எட்டிய பிரிட்டனின் மீட்டியர் எங்கே என்று கேட்டிருந்தீர்கள். வேகத்தில் உங்கள் பக்கமே நியாயம். ஆனால் அந்த வித்தியாசத்தை எஞ்சினின் கணக்கில் எழுதுவதைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை.

மெஸ்ஸர்ஷ்மிட்டில் இருந்த ஜெர்மானிய யூமோ 004 எஞ்சினின் உந்துவிசை சுமார் 900 கிலோ. மீட்டியரின் மூன்றாம் வகையில் பொருத்தப்பட்ட டெர்வென்ட் எஞ்சினும் அதே அளவு தந்தது. அப்படியிருந்தும் மீட்டியர் பின்தங்கியதற்கு, இறக்கையில் எஞ்சினைப் பொதிந்திருந்த குட்டையான கூடு ஒரு பெரிய காரணம். அதை நீட்டியதுமே வேகம் கணிசமாகக் கூடியது.

யூமோவின் உண்மையான குறை உலோகத்தில் இருந்தது. வெப்பம் தாங்கும் உலோகத்துக்கு வேண்டிய நிக்கலும் குரோமியமும் போதாமல், எரியறைகளைச் சாதாரண எஃகில் செய்து அலுமினியம் பூசினார்கள். எனவே 25 மணி நேரம் உழைக்க வேண்டிய எஞ்சின் பல வேளைகளில் பத்து மணி நேரத்திலேயே கழற்றப்பட்டது. விமானி திராட்டிலை, அதாவது எஞ்சின் விசையைக் கூட்டும் கைப்பிடியை, சற்று அவசரமாகத் தள்ளினாலும் எஞ்சின் அளவுமீறிச் சூடேறும், அல்லது அணைந்துவிடும். அத்தகைய விமானத்தின் வேகத்தை ஏட்டில் படித்து வியப்பது வேறு, அதில் ஏறி அமர்வது வேறு. (அதன் பின்சாய்ந்த இறக்கையையும் பலர் தீர்க்கதரிசனமாகப் புகழ்கிறார்கள், எஞ்சின் எதிர்பார்த்ததைவிடக் கனமானதால் எடைமையத்தைச் சரிசெய்யச் செய்த ஏற்பாடுதான் அது.)

பிரிட்டனில் ஜெட் எஞ்சினை உருவாக்கிய பொறியாளர் ஃபிராங்க் விட்டிலின் வழிவந்த பிரிட்டிஷ் எஞ்சின்களோ, பருத்த தோற்றமுடையவை எனினும், ஒற்றைச் சுழல்சக்கரத்தாலேயே யூமோவில் ஒன்றன்பின் ஒன்றாக இருந்த எட்டு அழுத்தி அடுக்குகளைவிட அதிகமாகக் காற்றை அழுத்தின. அவற்றின் டர்பைன் இதழ்களுக்கு நிமோனிக் என்னும் நிக்கல் கலவையும் கிடைத்தது. 1945 நவம்பர் 7 அன்று, டெர்வென்ட் 5 பொருத்திய மீட்டியர் மணிக்கு 975 கிலோமீட்டர் பறந்து உலகச் சாதனை படைத்தது. உந்துவிசை அப்போது ஏறத்தாழ 1,590 கிலோ. வளர்வதற்கு இவ்வளவு இடம் வைத்திருந்த எஞ்சினைத்தான் நான் மேலானது என்கிறேன்.

பிற்காலத்தில் வென்றது காற்றை அடுக்கடுக்காக நேரே பின்னோக்கி அழுத்தும் யூமோவின் அச்சுவழி அமைப்பே என்று நீங்கள் மறுப்பீர்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கொரியப் போரில் அமெரிக்கரைத் திணறடித்த சோவியத் போர்விமானம் மிக் 15, பிரிட்டனின் நீன் எஞ்சினிலிருந்து பிறந்த எஞ்சினில் பறந்ததற்கு என்ன சொல்வீர்கள்?

அன்புடன்,
ராமநாதன்