'மற்றும் பலர்' யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல மொழி, பல பண்பாட்டு மக்கள் சேர்ந்து நடத்திய சமூகக் கலை, ஊடகத் திட்டம் ஒன்றைப் பற்றிச் சென்ற இதழில் விரிவான கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். இந்த மாதிரி வேலைக்கு இவ்வளவு பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. படங்களும் அருமை. ஆனால் படித்து முடித்ததும் ஒரு குறை உறுத்தியது. இயக்குநரின் பேட்டி இருக்கிறது, மேடையேறியவர்களின் வண்ணப் படங்கள் இருக்கின்றன. இந்த இருவருக்கும் நடுவில் நின்று வேலையை முடித்துக் கொடுத்த குழுவை மட்டும் 'மற்றும் பலர்' என்று சொல்லிக் கட்டுரை கடந்து போய்விட்டது. அந்தப் பலர் யார் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

நானும் இப்படியொரு திட்டத்தில் வேலை பார்த்திருக்கிறேன். ஊரை விட்டு வந்த முதியவர்களின் நினைவுகளைக் காணொளியாகப் பதிவு செய்தோம். ஒரு பாட்டியிடம் அவருடைய தம்பியைப் பற்றிக் கேட்டார்கள். அவர் உடனே பதில் சொல்லவில்லை. விரலில் இருந்த மோதிரத்தைத் திருகிக்கொண்டே ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து, "அவன் நல்லாப் பாடுவான்" என்றார். எடிட்டருக்கு அந்த மொழி தெரியாது. கணினித் திரையில் ஒலி அலை ஒரு கோடாகப் படுத்துக் கிடந்தது, அவர் அந்தப் பகுதியை வெட்டிவிட்டார். அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன், பேச்சில்லாத இடத்தை வெட்டுவது அவருடைய தொழில். ஆனால் கேள்வியும் பதிலும் அடுத்தடுத்து வந்தபோது, பாட்டி ஏதோ சந்தோஷமான பழங்கதை சொல்வது போல ஆகிவிட்டது.

அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் சமூக ஒருங்கிணைப்பாளர். அவரும் அந்தப் பாட்டியின் சமூகத்தைச் சேர்ந்தவர்தான். அந்தத் தம்பி உயிரோடு இல்லை என்பதும், எப்படி இறந்தார் என்பதும் அவருக்குத் தெரியும். "அந்த மௌனத்தைத் திரும்பச் சேருங்கள், பாட்டி பதில் சொன்னதே அங்கேதான்" என்றார். எடிட்டரும் மறுபேச்சு பேசாமல் சேர்த்தார். படம் திரையிடப்பட்டபோது பார்த்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தைப் பற்றித்தான் பேசினார்கள். பெயர்ப் பட்டியலில் எடிட்டருக்குத் தனி அட்டை போட்டார்கள், அது நியாயம்தான். ஒருங்கிணைப்பாளரின் பெயரோ கடைசியில் ஓடும் நன்றிப் பட்டியலில், நாற்காலி வாடகைக்குக் கொடுத்தவருக்குக் கீழே வந்தது. இன்றும் எனக்கு அது மனசு ஆறவில்லை.

அவர் செய்தது உதவி வேலை இல்லை. யாரை முதலில் போய்ப் பார்க்க வேண்டும், எந்த வீட்டில் கேமராவை வெளியே வைத்துவிட்டுத்தான் பேச வேண்டும், எந்தக் கேள்வியை மகன் எதிரில் தாயிடம் கேட்கக் கூடாது என்று முடிவு செய்தவர் அவர். சப்டைட்டிலில் எதை விளக்குவது, எதை விளக்காமல் விடுவது என்று முடிவு செய்தவரும் அவரே. ஒரு படைப்பின் உருவத்தையே தீர்மானிக்கிற முடிவுகள் இவை. இதைச் செய்பவரைப் படைப்பாளி என்று சொல்லாமல் வேறு யாரைச் சொல்வது?

இது இன்று முளைத்த கேள்வியும் இல்லை. 1967இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் உள்ள ஃபோகோ தீவு மக்களைத் தீவிலிருந்து வெளியேற்றி வேறு இடத்தில் குடியமர்த்தலாம் என்ற பேச்சு அரசுத் தரப்பில் இருந்த காலம். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்திலிருந்து காலின் லோ என்ற இயக்குநர் அங்கே படமெடுக்கப் போனார். அவரை வீடு வீடாக அழைத்துப் போய் மக்களோடு பேச வைத்தவர் ஃப்ரெட் ஏர்ல். மெமோரியல் பல்கலைக்கழகத்தில் ஊர் மக்களோடு பணியாற்றும் விரிவாக்கத் துறைக்காக அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர், அந்த வட்டாரத்து மனிதர். தீவின் ஊர்கள் மதப் பிரிவுகளாலும் பழைய பகையாலும் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தன. ஏர்ல் இல்லையென்றால் பாதிக் கதவுகள் திறந்திருக்காது என்பது என் கணிப்பு.

அங்கே எடுத்தது ஒரே ஆவணப்படம் இல்லை. ஒவ்வொரு ஆளையும் ஒவ்வொரு பிரச்சினையையும் வைத்து இருபதுக்கும் மேற்பட்ட குறும்படங்கள். ஒருவர் பேச்சை இன்னொருவர் பேச்சோடு வெட்டி ஒட்டி வாதமாக்குவதை லோ தவிர்த்தார். படங்களை முதலில் அந்த மக்களுக்கே போட்டுக் காட்டினார்கள். வேண்டாம் என்று தோன்றுவதை நீக்கச் சொல்லும் உரிமையும் அவர்களுக்கு இருந்தது. அப்புறம் ஒரு ஊர்க்காரர்கள் பேசியதை அடுத்த ஊர்க்காரர்கள் பார்த்தார்கள், அதிகாரிகளும் பார்த்தார்கள். தீவு காலியாகவில்லை, மீனவர்களின் கூட்டுறவுச் சங்கம் உருவானது. எல்லாம் படத்தால் மட்டும் நடந்தது என்று சொன்னால் அது அந்த மக்களின் போராட்டத்தைக் குறைத்துச் சொல்வதாகும். ஆனால் எடிட்டிங் மேசையில் படத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு நாற்காலி போட்ட குழு அது. அதற்காகத்தான் இன்றும் அதைப் படிக்கிறோம்.

லாஸ் ஏஞ்சல்ஸ் பெருஞ்சுவர் ஓவியம் இன்னொரு முன்மாதிரி. வெள்ள வடிகால் கால்வாய் ஒன்றின் கான்கிரீட் சுவரில் சுமார் அரை மைல் நீளத்துக்கு, கலிஃபோர்னியாவின் வரலாற்றைப் பூர்வகுடிகள், மெக்சிகர்கள், ஜப்பானியர்கள், கறுப்பின மக்கள் என்று பலரின் பக்கமிருந்து வரைந்திருக்கிறார்கள். ஓவியர் ஜூடி பாக்கா தலைமையில் 1976இல் தொடங்கிய வேலை, கோடைகாலம் தோறும் விட்டுவிட்டு நடந்து 1983 வரை போனது. அதை நடத்திய அமைப்பைத் தொடங்கிய மூவரில் பாக்காவோடு கிறிஸ்டினா ஷ்லெசிங்கர் என்ற ஓவியரும், டோனா டீச் என்ற திரைப்படக் கலைஞரும் இருந்தார்கள். வரலாற்று ஆய்வாளர்கள் வந்து பேசினார்கள், அந்த நிகழ்வுகளை வாழ்ந்து கடந்தவர்கள் வந்து கதை சொன்னார்கள். வரைந்தவர்கள் 400க்கும் மேற்பட்ட இளைஞர்கள். அவர்களில் பலர் போலீஸ் வழக்கில் சிக்கியவர்கள், ஒருவர் பேட்டைக்குள் இன்னொருவர் கால் வைக்க முடியாதவர்கள். அவர்களைத் தொண்டர்களாக நடத்தவில்லை, கூலி கொடுத்து வேலைக்கு வைத்தார்கள்.

அந்தக் கூலி விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். இன்று இத்தகைய திட்டங்களின் வரவு செலவைப் பார்த்தால் கேமரா வாடகை, அரங்கம், அச்சு, விளம்பரம் எல்லாவற்றுக்கும் தொகை இருக்கும். மொழி தெரிந்த ஒருங்கிணைப்பாளருக்கு மணிக் கணக்கில் சொற்பத் தொகை, அதுவும் படப்பிடிப்பு நாட்களுக்கு மட்டும். ஆனால் அவருடைய வேலை படப்பிடிப்புக்கு மாதக் கணக்கில் முன்பே தொடங்கிவிடுகிறது. படம் வெளியான பிறகும் முடிவதில்லை. "என் முகத்தை ஏன் இத்தனை பேருக்குக் காட்டினீர்கள்?" என்று ராத்திரியில் வரும் தொலைபேசி அழைப்பை எடுப்பவர் இயக்குநர் இல்லை, அவர்தான். நிதி தீர்ந்ததும் குழு கலைந்து போகும். அவர் அதே மக்கள் நடுவில்தான் வாழ வேண்டும். திட்டம் கொடுத்த வாக்கு பொய்த்தால் அந்தப் பழியும் அவர் தலையில்தான் விழும்.

இயக்குநர்களையோ கலைஞர்களையோ குறைத்துப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல இயக்குநர் இல்லாமல் நல்ல நோக்கம் மட்டும் இருந்த திட்டங்களும் உண்டு, அவற்றை உட்கார்ந்து பார்ப்பது கஷ்டம். பயிற்சியும் கைத்திறனும் கட்டாயம் வேண்டும். நான் கேட்பது அந்தத் திறனோடு இந்தத் திறனையும் ஒரே வரிசையில் வைக்க வேண்டும் என்பதுதான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படியொரு திட்டத்தைப் பற்றி எழுதும்போது, குழுவில் இருந்த எல்லோருடைய பெயரையும் அவரவர் செய்த வேலையோடு ஒரு சிறிய பெட்டிச் செய்தியாகவாவது வெளியிடுங்கள். முடிந்தால் ஒருங்கிணைப்பாளரிடமும் ஒரு பேட்டி எடுங்கள். யாருக்கு ஊதியம் கிடைத்தது, படத்தில் இருப்பவர்களுக்கு வெளியீட்டுக்கு முன்னால் போட்டுக் காட்டினீர்களா, அவர்கள் சொல்லி எதையாவது மாற்றினீர்களா என்று உங்கள் செய்தியாளர் கேட்கட்டும். பத்திரிகை கேட்கும் என்று தெரிந்தாலே திட்டங்களை நடத்துபவர்கள் பதிலைத் தயாராக வைத்திருப்பார்கள். சென்ற இதழில் வந்த திட்டத்தின் குழு விவரம் உங்களிடம் இருந்தால், அதை வரும் இதழிலேயே வெளியிட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்