அந்த கேசட்டின் கடைசிப் பாட்டு

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அந்த அலைச்சலில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறார், நேற்றிலிருந்து பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார், உன்னையும் விசாரித்தார். வேலையை விடலாமா என்று கேட்டிருந்தாயே, அதைக் கடிதத்தில் பேச முடியாது. பொங்கலுக்கு வருவாய் அல்லவா, மொட்டைமாடியில் உட்கார்ந்து பேசுவோம்.

இப்போது அந்தப் பாட்டு விஷயம். உன் மகள் டாக்கிங் ஹெட்ஸ் என்கிற அமெரிக்க இசைக்குழுவின் ஆல்பத்தைப் போட்டிருந்தாள், கடைசிப் பாட்டு வந்ததும் "இது ஜாய் டிவிஷன் பாட்டாச்சே" என்று, நம் ஹாஸ்டல் நாட்களின் அந்த இங்கிலாந்து இசைக்குழுவை நினைத்து நீ சொல்ல, அவள் இல்லவே இல்லை என்றாள் என்று எழுதியிருந்தாய். அவள் சொன்னதுதான் சரி. 1980-இல் வந்த 'ரிமெய்ன் இன் லைட்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு அது, பெயர் 'தி ஓவர்லோட்'. ஆனால் நீ நினைத்ததிலும் தப்பில்லை. ஹாஸ்டல் நாட்களிலிருந்து நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

எல்லாம் அந்த கேசட்டால் வந்தது. உன் சித்தப்பா மகன் லண்டனிலிருந்து பதிவு செய்து அனுப்பியது, ஞாபகம் இருக்கிறதா? அட்டையில் நீலப் பேனாவில் 'ஜாய் டிவிஷன்' என்று மட்டும் எழுதியிருக்கும், பாட்டுகளின் பெயர் ஒன்றுகூட இருக்காது. 90 நிமிட டேப், ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். ஜாய் டிவிஷனின் முதல் ஆல்பம் 'அன்நோன் ப்ளெஷர்ஸ்' முழுதும் 39 நிமிடச் சொச்சம்தான். மீதி இடத்தை வீணாக்க மனம் வராமல் இந்த ஆறு நிமிட 'தி ஓவர்லோட்' பாட்டைப் போட்டு நிரப்பியிருக்கிறார். அது கொள்ளவில்லை, கடைசி நொடிகளில் டக்கென்று அறுந்துவிடும். அந்த அறுப்பும் பாட்டின் பகுதி என்றே நான் நம்பியிருந்தேன்.

அவர் என்ன நினைத்து அதைத் தேர்ந்தெடுத்தாரோ, அதைவிடப் பொருத்தமான பாட்டு கிடைத்திருக்காது. டேப்பில் அதற்கு முன்னால் முடிவது ஜாய் டிவிஷனின் 'ஐ ரிமெம்பர் நத்திங்'. இரண்டும் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, இரண்டும் ஏறத்தாழ ஆறு நிமிடம், இரண்டிலும் தாளம் நடக்கவே மனமில்லாத மாதிரி நடக்கும், அடியில் ஒரு ரீங்காரம் விடாமல் இருக்கும்.

இதன் பின்னால் ஒரு கதை உண்டு, பல இடங்களில் சொல்லப்படுவது. டாக்கிங் ஹெட்ஸ் ஆட்கள் அப்போது ஜாய் டிவிஷனின் ஒரு பாட்டைக்கூடக் கேட்டதில்லையாம். இசைப் பத்திரிகைகளில் அந்த இசைக்குழுவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, அது இப்படித்தான் ஒலிக்கும் போலிருக்கிறது என்று கற்பனை செய்து போட்ட பாட்டாம் அது. அன்றைக்கு ஜாய் டிவிஷன் மான்செஸ்டரில் ஃபேக்டரி என்கிற சிறிய கம்பெனி வெளியிட்ட இசைக்குழு, அமெரிக்காவில் அதிகம் பேருக்குத் தெரியாது. முதல் அமெரிக்கப் பயணத்துக்குக் கிளம்ப இருந்த நேரத்தில், 1980 மே 18-ஆம் தேதி, பாடகர் இயன் கர்ட்டிஸ் தற்கொலை செய்துகொண்டார். 23 வயது. டாக்கிங் ஹெட்ஸ் பஹாமாஸ் தீவில் இந்த ஆல்பத்தைப் பதிவு செய்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. இந்தத் தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது, முரளி. நேரில் ஒரு மேடையில் கேட்டிருக்க வேண்டிய குரல், அவர்களுக்கு வெறும் அச்செழுத்தாகவே போய்ச் சேர்ந்தது.

போன வாரம் அம்மா தூங்கிய பிறகு, மூன்று ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு இரண்டையும் மாறி மாறிக் கேட்டேன். சொல்லால் போய்ச் சேரக்கூடியது எது, சேராதது எது என்பது அப்போதுதான் பிடிபட்டது. இருட்டு, மந்தம், வெறிச்சோடிய பெரிய அறை, இதெல்லாம் ஒரு விமரிசகர் எழுதிவிடக்கூடிய விஷயம். 'தி ஓவர்லோட்' பாட்டில் அதெல்லாம் அப்படியே இருக்கிறது. வழக்கமாகத் துடித்துக்கொண்டு பாடும் டாக்கிங் ஹெட்ஸ் பாடகர் டேவிட் பர்ன் இதில் குரலை அடிமட்டத்துக்கு இறக்கி, ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல், சேதி வாசிப்பது போலச் சொல்லிக்கொண்டு போகிறார். தூரத்தில் கிட்டார் இரும்பை இழுப்பது போல இழுக்கிறது.

இல்லாதது என்னவென்றால், ஜாய் டிவிஷனின் பீட்டர் ஹூக் வாசிக்கும் பேஸ் கிட்டார். ஜாய் டிவிஷன் பாட்டு பலவற்றில் மெட்டைத் தூக்கிக்கொண்டு போவது பேஸ்தான், மேல்ஸ்தாயியில் பாடுகிற மாதிரி வாசிப்பார். அவருடைய ஸ்பீக்கர் மோசமானது, கீழ்ஸ்வரங்களை வாசித்தால் கிட்டார் சத்தத்தில் அவருக்கே கேட்காது, அதனால் மேலே ஏறி வாசித்துப் பழகினார். இதை எந்தப் பத்திரிகையில் படித்து யார் ஊகிக்க முடியும்? அப்புறம் 'ஐ ரிமெம்பர் நத்திங்' பாட்டின் அந்த ரீங்காரம். அது அவர்களுடைய கிட்டார்காரர் பெர்னார்ட் சம்னர் பாகங்களை வாங்கித் தானே பொருத்திய மலிவான சிந்தசைசர், மின்னணு இசைக்கருவி. அந்த ஆல்பத்தின் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் ஒவ்வொரு டிரம் சத்தமும் மற்றதோடு ஒட்டாமல் தனியாக விழ வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். 'ஐ ரிமெம்பர் நத்திங்' பாட்டில் கண்ணாடி உடையும் சத்தம் வருமே, ஹாஸ்டலில் முதல் தடவை கேட்டபோது நீ எழுந்து போய் ஜன்னலைப் பார்த்தாய். ஹூக்குக்கும் சம்னருக்கும் அந்த ஆல்பம் ஆரம்பத்தில் பிடிக்கவே இல்லை, மேடையில் தாங்கள் வாசிக்கிற வேகம் அதில் இல்லை என்று வருத்தம். அந்த வெறுமையைத்தான் உலகம் ஜாய் டிவிஷன் என்று எடுத்துக்கொண்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைத்தான் உன்னிடம் சொல்லத் துடித்துக்கொண்டிருந்தேன். ஜாய் டிவிஷனின் முதல் பெயர் 'வார்ஸா'. இங்கிலாந்துப் பாடகர் டேவிட் போவியும் இசைக்கலைஞர் பிரையன் ஈனோவும் சேர்ந்து அமைத்த 'வார்ஸாவா' என்ற பாட்டிலிருந்து எடுத்தது. அது 1977-இல் வந்த போவியின் 'லோ' ஆல்பத்தில் இருக்கிறது, மந்தமாக, சிந்தசைசர் மூட்டம் போட்ட பாட்டு. 'ரிமெய்ன் இன் லைட்' ஆல்பத்தின் தயாரிப்பாளர் யார்? அதே ஈனோ! மான்செஸ்டர் பையன்கள் பெயர் எடுத்தது இவருடைய பாட்டிலிருந்து, மூன்று வருஷம் கழித்து அவர்களை மனதில் வைத்துப் போட்ட பாட்டுக்குப் பக்கத்தில் இருந்ததும் இவரே. அதனால் இதைக் காப்பி என்று நீ எழுதியதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டுக்கும் பாட்டி வீடு ஒன்று.

எனக்குப் பிடித்தது எது என்றால், தயங்காமல் 'ஐ ரிமெம்பர் நத்திங்'. அதில் ஒரு ஆள் இருக்கிறார். இன்னொருவரோடு நெடுநாள் அந்நியமாக வாழ்ந்துவிட்ட ஆள், தணிந்து ஆரம்பித்து நடுவில் உடைந்து கத்துகிறார். 'தி ஓவர்லோட்' பாட்டில் இடிந்த இடம் இருக்கிறது, அதற்குள் ஆள் இல்லை. ஆனால் அந்த ஆல்பத்தை முதலிலிருந்து கேட்டுப் பார். ஆப்பிரிக்கத் தாளங்களில் ஆடி ஓடி வந்த ஏழு பாட்டுக்குப் பிறகு, கரண்ட் போன மாதிரி எல்லாம் அடங்கி இது வரும்போது வயிற்றைப் பிசையும். தனியாகக் கேட்கிற பாட்டு இல்லை அது.

அந்த கேசட் உன் வீட்டுப் பரணில்தான் இருக்க வேண்டும், நீல டிரங்குப் பெட்டிக்குள், பழைய ரெக்கார்டு நோட்டுகளோடு வைத்தாய். பொங்கலுக்கு வரும்போது எடுத்து வா. இங்கே எங்கள் தெருவில் ரேடியோ ரிப்பேர் செய்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார், அப்பாவின் டேப்ரிக்கார்டரை அவரிடம் கொடுத்திருக்கிறேன், பெல்ட் மாற்றினால் ஓடும் என்கிறார். உன் மகளையும் அழைத்து வா, டக்கென்று அறுகிற அந்த இடத்தை அவளும் கேட்கட்டும்.

அன்புடன்,
கண்ணன்