கோள்களும் வால்வெள்ளிகளும் நகர்வதை மாணவர் கண்ணால் காண: ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியிலிருந்து காவலூர் வானாய்வகம் பேருந்தில் போய்வரும் தொலைவுதான். அதை நிறுவிய வைணு பாப்பு, 1949-ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது, தாம் எடுத்த ஒளிப்படத் தகட்டில் புதிய வால்வெள்ளி ஒன்றைக் கண்டறிந்தார். அது இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்படிப்பட்ட ஆய்வகத்துக்கு இவ்வளவு அருகில் இருந்தும், எங்கள் பிள்ளைகளுக்கு வால்வெள்ளி என்பது பாடநூலில் உள்ள ஒரு நீள்வட்டப் படமாகவும், அதன் கீழே மனப்பாடம் செய்ய வேண்டிய சில வரிகளாகவும் மட்டுமே இருந்துவருகிறது. இந்நிலையை மாற்றுவதற்காகப் பெற்றோரும் ஆசிரியர்களும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து அமைத்துள்ள எங்கள் குழு, உங்கள் உதவியை நாடி இதை எழுதுகிறது.

வானத்தில் நிகழும் நகர்வு மிக மெதுவானது. செவ்வாய் சூரியனை ஒருமுறை சுற்ற 687 நாட்களும், வியாழன் சுற்ற ஏறத்தாழ 12 ஆண்டுகளும், சனி சுற்ற 29 ஆண்டுகளுக்கு மேலும் ஆகின்றன. ஒரு மாணவர் ஆறாம் வகுப்பில் சேர்ந்து பத்தாம் வகுப்பு முடித்து வெளியேறும்வரை ஒவ்வொரு நாளும் சனியைப் பார்த்துவந்தாலும், அதன் பாதையில் ஆறில் ஒரு பங்கைத்தான் பார்த்திருப்பார். ஸ்டெல்லேரியம் என்னும் கணினி மென்பொருள் இந்தக் காலத்தைச் சுருக்கிக் காட்டுகிறது. எந்த ஊரின் வானத்தையும், எந்த நாளின் வானத்தையும் அது திரையில் கொண்டுவரும். காலத்தை முன்னோக்கியும் பின்னோக்கியும் ஓட்டும். சூரிய மண்டலத்துக்கு வெளியே நின்று பார்ப்பதுபோலப் பார்வையிடத்தையும் மாற்றித்தரும். உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் சேர்ந்து வளர்த்துவரும் கட்டற்ற மென்பொருள் என்பதால் அதற்கு நாம் ஒரு ரூபாயும் செலுத்த வேண்டியதில்லை. எங்களிடம் இல்லாதது அதை இயக்குவதற்கான கருவிகள்தான்.

சென்ற கல்வியாண்டில் இரவல் வாங்கிய ஒரு மடிக்கணினியையும் புரொஜெக்டரையும் வைத்து எங்கள் அறிவியல் ஆசிரியர் ஒரு வகுப்பு நடத்தினார். சுவரில் ஒட்டிய சார்ட் தாளின்மீது மிதுன, கடக விண்மீன்களின் படம் விழ, 2024 நவம்பரிலிருந்து ஒவ்வொரு வாரமாகக் காலத்தை நகர்த்தி, செவ்வாய் நிற்கும் இடத்தில் மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து பேனாவால் புள்ளி வைத்தார்கள். டிசம்பர் தொடக்கத்தில் புள்ளிகள் நெருங்கின. பிறகு வந்த வழியே திரும்பின. 2025 பிப்ரவரி இறுதியில் மறுபடியும் நேராக நகர்ந்தன. பஞ்சாங்கத்தில் 'வக்கிரம்' என்று வீட்டுப் பெரியவர்கள் படித்துச் சொல்லக் கேட்டிருந்த ஒரு மாணவி, கோள் உண்மையாகவே திரும்பிப் போகிறதா என்று கேட்டாள். ஆசிரியர் விடை சொல்லவில்லை. பார்வையிடத்தைச் சூரியனுக்கு மேலே மாற்றி, அதே மாதங்களை மீண்டும் ஓட்டினார். உள்வட்டத்தில் விரைவாக ஓடும் பூமி செவ்வாயை முந்திச் செல்வதையும், விரைவு ரயிலில் இருப்பவருக்குப் பக்கத்துத் தண்டவாளத்தில் மெதுவாகப் போகும் ரயில் பின்னால் போவதுபோலத் தோன்றுவதைப் போன்றதே இதுவும் என்பதையும் மாணவர்களே கண்டு சொன்னார்கள். கருவிகள் வாங்கி இத்தகைய வகுப்புகளைத் தொடர்ந்து நடத்தும் எங்கள் திட்டம் பிறந்தது அந்த ஒரு பாடவேளையில்தான்.

வால்வெள்ளியைப் பற்றிய தவறான எண்ணங்களைத் திருத்தவும் இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை. ஓடும் வண்டிக்குப் பின்னால் புழுதி பறப்பதுபோல வால் எப்போதும் பின்னால்தான் இருக்கும் என்றே பெரியவர்களில் பலரும் நினைக்கிறோம். உண்மையில் வால் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீளும். எனவே சூரியனைச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது வால் முன்னே செல்ல, தலை பின்னே செல்கிறது. ஹாலி வால்வெள்ளி சூரியனுக்கு மிக அருகில் வரும்போது நொடிக்கு ஏறத்தாழ 54 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. தன் பாதையின் தொலைமுனையில் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில் ஊர்கிறது. கெப்ளரின் இரண்டாம் விதி கூறும் இந்த வேறுபாட்டை, நாட்களை எண்ணித் தூரத்தை அளந்து மாணவர்களே கணக்கிடலாம். அந்த வால்வெள்ளி 2023 டிசம்பரில் தொலைமுனையைக் கடந்து இப்போது நம்மை நோக்கித் திரும்பிக்கொண்டிருக்கிறது. 2061 ஜூலையில் அது சூரியனை நெருங்கும்போது, இன்று 13 வயதில் உள்ள பிள்ளைக்கு 48 வயதாகியிருக்கும்.

இக்கருவிகளுக்கு ஆகும் தொகைக்குத் தொலைநோக்கியே வாங்கலாமே என்று சிலர் அன்புடன் ஆலோசனை கூறினார்கள். அதையும் எண்ணிப் பார்த்தோம். தொலைநோக்கியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும். கோளின் உருவம் தெரியுமே தவிர, மாதக்கணக்கில் அது போகும் பாதை தெரியாது. மேகமும் ஒரு தடை. வெள்ளிக் கோள் சூரியனுக்கு முன்னால் குறுக்கே கடந்து செல்வதைக் காண எட்டு ஆண்டுகள் காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டிலுக்கு, 1769 ஜூன் மாதம் புதுச்சேரியில் அந்தக் காலைப்பொழுதில் வானம் மூடிக்கொண்டது. அவரால் காண முடியாமல் போன காட்சியை, அதே நாளுக்கும் அதே ஊருக்கும் மென்பொருளைத் திருப்பி எங்கள் மாணவர்கள் காண்பார்கள். ஆயினும் திரை வானமாகிவிடாது என்பதில் உறுதியாக இருக்கிறோம். திரையில் முன்கூட்டிக் கணித்ததை வானத்தில் சரிபார்ப்பதே பாடத்தின் இரண்டாம் பாதி. அதற்காகவே இரண்டு இருகண் நோக்கிகளையும் (பைனாகுலர்) வாங்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்துள்ளோம்.

ஐந்து மடிக்கணினிகளுக்கு 1,30,000 ரூபாய், புரொஜெக்டருக்கு 46,000 ரூபாய், மின்தடையின்போது வகுப்பு நிற்காதிருக்க இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் 28,000 ரூபாய், இருகண் நோக்கிகளுக்கு 14,000 ரூபாய், தமிழில் பயிற்சித்தாள்கள் அச்சிட 12,000 ரூபாய் என மொத்தம் 2,30,000 ரூபாய் தேவைப்படுகிறது. ஆசிரியர்களும் முன்னாள் மாணவர்களும் இதுவரை 64,500 ரூபாய் அளித்துள்ளார்கள். மீதி 1,65,500 ரூபாயையே உங்களிடம் வேண்டுகிறோம். நல்ல நிலையில் உள்ள, பயன்படுத்திய மடிக்கணினியைப் பொருளாகவே அளிக்க விரும்புவோரையும் நன்றியுடன் வரவேற்கிறோம்.

செவ்வாய் அடுத்ததாக 2027 ஜனவரியில் பின்னோக்கி நகரத் தொடங்கி, பிப்ரவரி 19 அன்று சூரியனுக்கு நேர் எதிரே வந்து இரவு முழுவதும் ஒளிரும். அதன் பாதையை மாணவர்கள் முன்பே வரைந்து வைத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொரு வாரமும் மொட்டைமாடியிலிருந்து ஒப்பிட வேண்டுமானால், 2026 நவம்பருக்குள் கருவிகள் பள்ளிக்கு வந்துசேர வேண்டும். நன்கொடையைக் காசோலையாகவோ பணமாகவோ பள்ளி அலுவலகத்தில் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளலாம். வரவு செலவுக் கணக்கு ஒவ்வொரு மாதமும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். வாங்கும் கருவிகள் அனைத்தும் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் சேர்க்கப்படும். நன்கொடை அளிக்கும் ஒவ்வொருவரையும் பிப்ரவரி மாத இரவு வகுப்புக்கு அழைக்கிறோம். செவ்வாய் எங்கே நிற்கிறது என்பதை மாணவர்களே உங்களுக்குச் சுட்டிக்காட்டுவார்கள்.

இங்ஙனம்,
பெற்றோர், ஆசிரியர், முன்னாள் மாணவர் குழுவினர்