மதுரை ரேஸ்கோர்ஸ் ஹாக்கி அரங்கத்தின் பராமரிப்பு, பயன்பாடு, செலவுக் கணக்கு தொடர்பான கோரிக்கை மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவரும், ஹாக்கி பயிலும் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரும்,
திருநகர், மதுரை.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
மதுரை.

நகல்: உறுப்பினர் செயலர், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், சென்னை, ஆணையர், மதுரை மாநகராட்சி.

பொருள்: ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கிக்காக ரேஸ்கோர்ஸில் கட்டிய அரங்கத்துக்குத் தனிப் பராமரிப்பு நிதி ஒதுக்குதல், அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பயிற்சி நேரம் வழங்குதல், போட்டிக்கான மொத்தச் செலவை வெளியிடுதல் - வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடந்த 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை ஆடவர் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டி சென்னையிலும் நம் மதுரையிலும் நடந்தது. இந்தப் போட்டியில் 24 அணிகள் ஆடியது இதுவே முதல்முறை. அதற்காக ரேஸ்கோர்ஸ் வளாகத்தில் பத்துக் கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுப் புதிய ஆடுகளமும் அரங்கமும் கட்டப்பட்டன. ஜெர்மனி கோப்பையை வென்றது, இந்தியா வெண்கலம் வாங்கியது. இந்திய அணி இங்கே ஆடிய அன்று கேலரியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பலர் உலகத்தர ஹாக்கியை நேரில் பார்த்ததே இல்லை. இந்தப் போட்டியை மதுரைக்குக் கொண்டுவந்த அனைவருக்கும் முதலில் எங்கள் நன்றி.

நாங்கள் இந்தச் செலவை வீண் என்று சொல்ல வரவில்லை. செய்த செலவு வீணாகிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த மனுவைக் கொடுக்கிறோம்.

2022ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. தமிழக அரசு அதற்கு முதலில் ஒதுக்கிய தொகை 92.13 கோடி ரூபாய். ஆனால் ஆட்டங்கள் நடந்தது ஒரு ஹோட்டல் வளாகத்தில். எனவே போட்டி முடிந்த பிறகு அரசு பராமரிக்க வேண்டிய அரங்கம் என்று எதுவும் அங்கே மிச்சமில்லை. ஹாக்கியில் அப்படி முடியாது. ஆடுகளம், விளக்குக் கோபுரம், தண்ணீர்த் தொட்டி, மோட்டார், உடைமாற்றும் அறை எல்லாம் ஊருக்குள் நிற்கின்றன. அவற்றுக்கான செலவு மாதாமாதம் வந்துகொண்டே இருக்கும். கட்டுமானத்துக்கு நிதி கிடைக்கிறது, திறப்பு விழாவும் நடக்கிறது. அடுத்த எட்டு வருடத்துக்கு மோட்டாரை யார் ஓட்டுவது, பழுதானால் எந்தக் கணக்கிலிருந்து சரிசெய்வது என்பதற்கு மட்டும் பெரும்பாலும் தனித் தலைப்பு இருப்பதில்லை.

செயற்கைப் புல் என்றால் ஒருமுறை விரித்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மண் மைதானத்திலும் செயற்கை விரிப்பிலும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தவர் எங்களில் இருப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சர்வதேச ஹாக்கிக்குப் போடும் இந்த வகை விரிப்பில் ஆட்டத்துக்கு முன்னும் இடைவேளையிலும் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். ஈரம் இருந்தால்தான் பந்து தரையோடு சீறி ஓடும். காய்ந்த விரிப்பில் ஒரு பையன் சறுக்கி விழுந்தால் முழங்கால் தோல் உரிந்துவிடும், இழையும் சீக்கிரம் தேயும். இழைகளுக்கு நடுவே தூசியும் மர இலையும் அடைந்தால் தண்ணீர் வடியாமல் நிற்கும், ஓரங்களில் பாசி பிடிக்கும். பாசி பிடித்த ஓரத்தில் ஓடிவரும் பிள்ளைக்குக் கால் வழுக்கும். ஆகவே தவறாமல் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். ஆணி வைத்த ஷூ, சூயிங்கம், வெற்றிலை எச்சில், சிகரெட் நெருப்பு எதுவும் உள்ளே வரக் கூடாது. விரிப்புக்குக் கீழே அதிர்வைத் தாங்கும் ஓர் அடுக்கு இருக்கிறது. மேலே ஏற்படும் கிழிசலை உடனே ஒட்டாவிட்டால் அதுவும் கெட்டுப்போகும். இவ்வளவும் ஒழுங்காகச் செய்தாலும் எட்டு முதல் பத்து ஆண்டுக்குள் விரிப்பை மாற்றித்தான் ஆக வேண்டும். மதுரை வெயிலில் அதற்கு முன்பேகூட மாற்ற வேண்டி வரலாம்.

மின்சாரமும் அப்படித்தான். தொலைக்காட்சி ஒளிபரப்புக்குத் தகுந்த விளக்குகளுக்கு உயரழுத்த இணைப்பு எடுத்திருந்தால், விளக்கே போடாத மாதத்திலும் டிமாண்ட் சார்ஜ் என்ற நிலைக் கட்டணத்தைக் கட்ட வேண்டும். அப்புறம் அந்தத் தொகைக்குப் பயந்தே விளக்கைப் போடாமல் விடுவார்கள். விளக்கு இல்லையென்றால், பள்ளி முடிந்து ஆறு மணிக்கு மேல் வரும் பிள்ளைகளுக்கு அரங்கம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

பராமரிப்பும் பயன்பாடும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஹாக்கியிலேயே உதாரணம் இருக்கிறது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்காக அந்நகரின் பழைய விமான நிலைய வளாகமான ஹெல்லினிகோவில் ஹாக்கி அரங்கம் கட்டினார்கள். ஹாக்கி ஆடும் வழக்கமே அதிகம் இல்லாத நாடு. போட்டி முடிந்த பிறகு அது புல் முளைத்துப் பாழடைந்து கிடந்தது. சில ஆண்டுகள் கழித்து அகதிகள் தங்கும் முகாமாகவும் ஆனது. நம் நாட்டில் 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியின்போது, ஹாக்கிப் பயிற்சிக்காகப் புதுப்பிக்க எடுத்துக்கொண்ட சிவாஜி ஸ்டேடியம் போட்டி தொடங்கியபோதும் தயாராகவில்லை. திறப்பு விழாவுக்குச் சில நாள் முன்பு நேரு ஸ்டேடியம் அருகே நடைமேம்பாலம் இடிந்து விழுந்து 20க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் காயம்பட்டார்கள். வேலைகளைக் கடைசி நேரத்துக்குத் தள்ளியதையும், அவசரத்தைக் காரணம் காட்டிச் செலவு பெருகியதையும் மத்திய தணிக்கை அமைப்பான சி.ஏ.ஜி. 2011ல் தந்த அறிக்கையில் விரிவாகப் பதிவு செய்தது. ஊருக்கு நல்ல சாலையும் மெட்ரோ பாதையும் கிடைத்தன என்பதும் உண்மைதான். அதற்கு இவ்வளவு கொடுத்திருக்க வேண்டுமா என்பதைப் போட்டி முடிந்த பிறகுதான் மக்களால் கேட்க முடிந்தது.

நன்றாக நடந்த உதாரணங்களும் உண்டு. 1995ல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய வேளச்சேரி நீச்சல் குளத்தில் முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகள் பயிற்சி எடுக்கிறார்கள். ஒடிசாவின் ரூர்கேலாவில் 2023 உலகக் கோப்பைக்காக பிர்சா முண்டா அரங்கத்தைக் கட்டினார்கள். அதோடு நிற்காமல் அந்த சுந்தர்கர் மாவட்டத்தின் 17 வட்டாரங்களிலும் செயற்கை ஆடுகளம் அமைக்கும் திட்டத்தையும் எடுத்துக்கொண்டார்கள். பெரிய அரங்கத்தில் போய் ஆடுவதற்குச் சின்ன ஊர்களில் பிள்ளைகள் தயாராக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்றையும் மனதில் வைக்கக் கேட்டுக்கொள்கிறோம். 2007 ஆசியக் கோப்பைக்குப் பிறகு எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத்துக்கு அடுத்த பெரிய சர்வதேசப் போட்டி வந்தது 2023ல்தான். இடையில் 16 ஆண்டுகள். சென்னைக்கே அப்படியென்றால், மதுரைக்கு அடுத்த உலகப் போட்டி எப்போது வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதுவரை இந்த அரங்கத்தை உயிரோடு வைத்திருக்கப் போவது உள்ளூர்ப் பிள்ளைகள்தான். நம் மாவட்டத்திலேயே அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில் 60 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, 66 ஏக்கரில் கட்டிய ஜல்லிக்கட்டு அரங்கம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு இன்றும் ஊர் வாடிவாசலில்தான் நடக்கிறது. ஊர் மக்களின் அன்றாட வழக்கத்தோடு இணையாத கட்டடத்தை எவ்வளவு பிரமாண்டமாகக் கட்டினாலும் அதை நிரப்புவது கஷ்டம். ஹாக்கி அரங்கம் அந்த நிலைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. மதுரையில் ஹாக்கி ஆடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உள்ளே போக வழி வேண்டும், அவ்வளவுதான்.

சரி, அந்த வழி இப்போது எப்படி இருக்கிறது? திருநகரிலிருந்தோ வாடிப்பட்டியிலிருந்தோ ஸ்டிக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு பையன் ரேஸ்கோர்ஸுக்கு வர வேண்டுமென்றால் பஸ் மாற வேண்டும். மாணவர் இலவச பஸ் பாஸ் வீட்டுக்கும் பள்ளிக்கும்தான். டவுன் பஸ்ஸில் பெண் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை, அதனால் அவர்கள் பாடு பரவாயில்லை. பையன்கள் காசு கொடுத்துத்தான் வர வேண்டும். கூலி வேலை செய்யும் வீட்டில் தினமும் அந்தக் காசு எடுப்பது லேசான காரியமில்லை. மண் தரையிலேயே ஆடிப் பழகியவன் மாநிலத் தேர்வில் முதன்முதலாகச் செயற்கை விரிப்பில் இறங்கும்போது பந்தின் வேகத்தைப் பிடிக்கவே அவனுக்கு அரை ஆட்டம் போய்விடும். திறமை இருந்தும் அங்கேயே கழிந்துபோன பிள்ளைகள் ஏராளம். கோவில்பட்டியில் செயற்கை ஆடுகளமும் விடுதியோடு கூடிய பயிற்சியும் வந்த பிறகு அங்கே பயின்றவர்கள் இந்திய அணி வரைக்கும் போனார்கள். மதுரையிலும் அது நடக்க வேண்டும்.

ஆகவே தங்களிடம் நாங்கள் வேண்டுவது இவைதான்.

முதலாவதாக, இந்த அரங்கத்துக்கென்று தனி வங்கிக் கணக்கில் பராமரிப்பு நிதி ஒன்றை ஏற்படுத்த ஆவன செய்ய வேண்டும். தண்ணீர், மின்சாரம், காவலர், மைதானப் பணியாளர் சம்பளம் ஆகிய அன்றாடச் செலவு ஒரு பக்கம். விரிப்பை மாற்றுவதற்காக ஆண்டுதோறும் ஒரு பங்கைச் சேர்த்து வைப்பது இன்னொரு பக்கம். இரண்டையும் கலக்கக் கூடாது. கலந்தால் மின் கட்டணத்துக்கே எல்லாம் போய், பத்தாம் ஆண்டில் விரிப்புக்குக் காசு இருக்காது. தனியார் நிறுவன அணிகள், வயது வந்தோர் கிளப்புகள், விளம்பரப் படப்பிடிப்பு போன்றவற்றுக்குக் கட்டணம் வாங்கலாம். அந்த வருமானம் முழுவதும் இந்தக் கணக்கில்தான் சேர வேண்டும்.

மாநகராட்சிப் பள்ளி, அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவ மாணவியருக்குக் காலையும் மாலையும் கட்டணமில்லாத பயிற்சி நேரத்தை நிரந்தரமாக ஒதுக்கி, அட்டவணையை வாசலில் எழுதி ஒட்ட வேண்டும். யாருக்கு எந்த நேரம் என்று வாசலில் இருக்கும் காவலருக்கும் தெரிய வேண்டும், வருகிற பிள்ளைக்கும் தெரிய வேண்டும். ‘பெரிய இடத்து ஆட்கள் வருகிறார்கள், நாளைக்கு வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பும் நிலை வரக் கூடாது. பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு ரேஸ்கோர்ஸ் வரை பஸ் பாஸ் கிடைக்கப் போக்குவரத்துக் கழகத்துக்குத் தாங்கள் பரிந்துரை செய்ய வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் எங்களுக்குக் கவலை அதிகம். கோடையில் குடத்தோடு லாரிக்காகக் காத்திருக்கும் தெருக்கள் இந்த நகரத்தில் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில் ஆடுகளத்துக்குக் குடிநீரைப் பீய்ச்சினால், எத்தனை நியாயம் சொன்னாலும் மக்கள் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். விரிப்பிலிருந்து வடியும் தண்ணீரையும் கேலரிக் கூரையில் விழும் மழைநீரையும் தொட்டியில் சேர்த்து, வடிகட்டித் திரும்பப் பயன்படுத்த வசதி செய்ய வேண்டும். முடியுமானால் நன்கு சுத்திகரித்த நீரையும் பயன்படுத்தலாம். எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று மீட்டர் வைத்து அளக்க வேண்டும்.

போட்டிக்கான மொத்தச் செலவை மாவட்ட இணையதளத்தில் தமிழில் வெளியிட வேண்டும். அரங்கக் கட்டுமானம் மட்டும் போதாது. போட்டியை ஒட்டிச் சாலை, தெருவிளக்கு, சுவரோவியம், துப்புரவு, போலீஸ் பாதுகாப்பு, விருந்தினர் தங்கல் ஆகியவற்றுக்கு எந்தத் துறை எவ்வளவு செலவிட்டது, அதில் மாநகராட்சியின் சொந்த நிதியிலிருந்து போனது எவ்வளவு என்பதும் வர வேண்டும். பெரிய போட்டிகளில் செலவு பல துறைகளின் தலைப்பில் பிரிந்து கிடப்பதால் மொத்தம் எவ்வளவு என்பதே யாருக்கும் தெரியாமல் போகிறது. நூறு வார்டுகளில் சொத்து வரி கட்டும் மக்கள் இதைக் கேட்பது நியாயம் என்று தாங்களும் கருதுவீர்கள் என நம்புகிறோம்.

ரேஸ்கோர்ஸில் காலையில் நடைபயிற்சிக்கு வருகிற பெரியவர்களுக்கும், தடகளம் பழகும் மாணவர்களுக்கும் இருந்த பாதையும் நேரமும் எந்த விதத்திலும் குறையக் கூடாது என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறோம்.

இனி மதுரையில் ஒரு பெரிய போட்டியை நடத்த முன்வரும்போது, உத்தேசச் செலவையும் போட்டிக்குப் பிந்தைய பயன்பாட்டுத் திட்டத்தையும் முன்கூட்டியே வெளியிட்டு, அந்த வார்டு மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். ஒப்பந்தம் போட்ட பிறகு கேட்டால் பயனில்லை.

இன்னும் சில மாதங்களில் சட்டமன்றத் தேர்தல் வருகிறது. நடத்தை விதிகள் அமலுக்கு வந்துவிட்டால் நிதி ஒதுக்கீடு பற்றிய முடிவுகள் தள்ளிப்போகும். அதற்குள் கோடையும் வந்துவிடும். முதல் கோடையிலேயே தண்ணீர் இல்லாமல் காய்ந்த விரிப்பில் ஆடி இழை தேய்ந்துவிட்டால் அந்தச் சேதத்தைப் பிறகு சரிசெய்வது கஷ்டம். எனவே பராமரிப்பு நிதி, பயிற்சி நேர அட்டவணை ஆகிய இரண்டையும் மட்டுமாவது பிப்ரவரி மாதத்துக்குள் முடித்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம். மற்றவற்றுக்கு மாவட்ட விளையாட்டு அலுவலர், மாநகராட்சிப் பொறியாளர், பள்ளி உடற்கல்வி ஆசிரியர்கள், பெற்றோர் ஆகியோரைக் கொண்ட ஒரு சிறு குழுவை அமைத்தால், ஊதியம் எதுவும் வாங்காமல் உழைக்க நாங்கள் தயாராக இருக்கிறோம். மைதானப் பணியாளர்களுக்கு விரிப்பைச் சுத்தம் செய்யும் முறையைச் சொல்லிக்கொடுக்கவும் எங்களில் ஆள் இருக்கிறது.

இம்மனுவைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் நேரில் அளிக்கிறோம். மனு எண் வழங்கி, எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பெற்றோர் கையெழுத்திட்ட தாள்களும், பயிற்சிக்கு வர விரும்பும் மாணவ மாணவியரின் பள்ளிவாரிப் பட்டியலும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இடம்: மதுரை
ஜனவரி 2026

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்