செயலாளரின் ஆண்டறிக்கை: ஹொக்கி அணியின் நல்ல தொடக்கம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அதிபர் அவர்களே, பயிற்றுநர் அவர்களே, பழைய மாணவர்களே, பெற்றோரே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்கள் இவ்வாண்டு ஒழுங்காக நடந்தன. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். மதில் திருத்த வேலை முடிந்துவிட்டது. எனக்குக் கிடைத்த நேரத்தில் நான் பேச விரும்புவது பிள்ளைகளின் ஹொக்கியைப் பற்றித்தான்.

இந்தப் பருவத்தின் முதல் மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்று ஒன்றைச் சமன் செய்திருக்கிறோம். போன முறை இதே கட்டத்தில் ஒரு வெற்றிகூடக் கையில் இருக்கவில்லை.

எங்கள் மைதானத்தில் செய்த வேலைதான் இதற்குக் காரணம் என்பது என் எண்ணம். 1976 மொன்ட்ரியல் ஒலிம்பிக்கிலேயே ஹொக்கி செயற்கைத் தரைக்கு மாறிவிட்டது. எங்கள் பிள்ளைகள் ஆடுவது இன்னமும் மண்ணில். மாரி மழை விட்டபோது மைதானம் குண்டும் குழியுமாய்க் கிடந்தது. ஒரு சின்னக் கல் போதும், மட்டைக்கு வரவேண்டிய பந்து முழங்காலுக்கு எகிறிவிடும். அதனால் சனிக்கிழமைக் காலைகளில் பிள்ளைகளும் பெற்றோரும் வரிசையாய்க் குந்தியிருந்து கல் பொறுக்கினார்கள். கடகம் கடகமாய்க் கல் போனது. அப்புறம் உருளை இழுத்தோம்.

அதன் பலன் பெனால்டி கோர்னரில், அதாவது எதிரணி தன் கோலுக்கு அருகில் தவறு செய்யும்போது எங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பில், தெரிந்தது. தடுக்கக் கோல்காப்பாளரையும் சேர்த்து ஐந்து பேர்தான். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் நிற்க வேண்டும். பந்து கோல் வட்டத்துக்கு வெளியே போய் வந்த பிறகே கோலுக்கு அடிக்கலாம். முதல் ஷொட்டை ஓங்கி அடித்தால், கோல் கோட்டைக் கடக்கும்போது பந்து 460 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. அது கோலின் பின்பலகை உயரம். பயிற்றுநர் பழைய பலகை ஒன்றைக் கோலுக்குள் நிறுத்தி, பின்னேரம் முழுக்க அடிக்க வைத்தார். டொக்கென்று கேட்டால் சரி. இரண்டாவது ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் கிடைத்த கோர்னரில் பந்து துள்ளாமல் மட்டையில் நின்றது. வேலியோரம் நின்ற எங்களுக்கு அந்த டொக் சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

ரியூசன் நேரத்தை மாற்றிக்கொடுத்த ஆசிரியர்களுக்கும், பயணப் பெட்டியில் மட்டைகள் கொண்டுவந்த வெளிநாட்டுப் பழைய மாணவர்களுக்கும் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. பின்னேர ரியூசனுக்கும் பயிற்சிக்கும் நடுவில் இழுபடும் பிள்ளைக்கு அந்த ஒரு மணித்தியாலம் பெரிய உதவி.

எனக்கிருக்கும் கவலை கோல்காப்பாளரைப் பற்றியது. அவருடைய காற்காப்பு இரண்டிலும் தையல் விட்டு, செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து நைலோன் நூலால் தைத்திருக்கிறோம். 156 கிராமுக்குக் குறையாத கெட்டிப் பந்து அது. அந்தப் பிள்ளை ஒருநாளும் வாய் திறந்து கேட்டதில்லை. அதற்காக நாங்கள் பேசாமல் இருக்கலாமா? புதிய செயற்குழு முதல் செலவாகப் புதுக் காற்காப்பு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று வேண்டுகிறேன். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கும் மட்டைகள் வேண்டும். உயர்தரப் பிள்ளைகள் பரீட்சைக்கு ஒதுங்கும்போது அணியில் இறங்கப் போவது அவர்கள்தான்.

நான்காவது ஆட்டம் வரும் சனிக்கிழமை எங்கள் மைதானத்தில். வெள்ளி பின்னேரம் நான்கு மணிக்கு உருளை இழுக்க ஆட்கள் வேண்டும். வரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தாருங்கள்.

நன்றி.
செயலாளர்