இருட்டில் சைக்கிளில் போகிறவர்கள் ஓட்டுநர் கண்ணில் பட வழிசெய்யக் கோரி மனு

அனுப்புநர்
கணியம்பாடி சுற்றுவட்டாரத்தில் சைக்கிளில் வேலைக்கும் பள்ளிக்கும் போய்வருவோர் மற்றும் பெற்றோர்,
வேலூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சத்துவாச்சாரி, வேலூர்.

பொருள்: சைக்கிள்களுக்கு, வெளிச்சம் பட்டால் மின்னுகிற ஒளிரும் பட்டையும் பின்விளக்கும் வழங்கி, அவற்றைச் சரியான இடத்தில் பொருத்தித் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூரிலிருந்து பாகாயம், அடுக்கம்பாறை, கணியம்பாடி வழியாகக் கண்ணமங்கலம் போகிற சாலையில் விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் சைக்கிளில் போகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகிறவர்கள், மருத்துவமனையில் ராத்திரி வேலை முடிந்து திரும்புகிறவர்கள், கட்டட வேலைக்காரர்கள், ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வருகிற பிள்ளைகள். சைக்கிளுக்கென்று தனிப் பாதை வேண்டும், தெருவிளக்கு வேண்டும் என்று கேட்க எத்தனையோ இருக்கின்றன. அவற்றுக்குக் காலமும் பணமும் ஆகும் என்பது எங்களுக்கும் தெரியும். இந்த மனுவில் கேட்பது, இந்த வருஷமே செய்யக்கூடிய ஒன்று. பின்னால் வருகிற ஓட்டுநருக்கு முன்னால் ஒரு சைக்கிள் போகிறது என்று தூரத்திலேயே தெரிய வேண்டும்.

ஐப்பசி கடைசிக்கு வந்துவிட்டால் மாலை 5.45 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. மார்கழியிலும் தையிலும் காலை ஆறரை வரை வெளிச்சம் சரியாக வருவதில்லை, பனிமூட்டம் வேறு. அந்த மாதங்களில்தான் இந்தச் சாலையில் வண்டிகளும் கூடுகின்றன. கார்த்திகை தீபத்துக்கும் பௌர்ணமி கிரிவலத்துக்கும் சித்தூர், திருப்பதி பக்கமிருந்து வருகிற வேன்களும் பஸ்களும் ராத்திரி முழுக்க இந்த வழியாகத்தான் திருவண்ணாமலைக்குப் போகின்றன.

60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். எதிரில் இருப்பதைக் கவனித்து ஓட்டுநரின் கால் பிரேக்கில் படவே ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் 25 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்த பிறகு நிற்பதற்கு இன்னும் அந்த அளவாவது தேவை. டிம் வெளிச்சத்தில் கருநீலச் சட்டை போட்ட ஒருவர் கண்ணில் படுவதே ஏறக்குறைய அந்த 50 மீட்டருக்குள்தான். எதிரே ஒரு லாரி ஹை பீம் போட்டுக்கொண்டு வந்தால் அதுவும் இல்லை. அந்தக் கூச்சத்தில் சாலையின் இடது ஓரம் மொத்தமும் கருப்பாகிவிடும், சைக்கிள்காரர் இருப்பதும் அந்த ஓரத்தில்தான். இதில் ஓட்டுநர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. நல்ல ஒளிரும் பட்டையாக இருந்தால் நூறு மீட்டருக்கு அப்பாலேயே பளிச்சென்று தெரிந்துவிடும், ஒதுங்கிப் போக ஓட்டுநருக்கும் நேரம் கிடைக்கும்.

புது சைக்கிள்களில் ரிப்ளெக்டர் கட்டாயம் என்று மத்திய அரசு 2020-லேயே தரக் கட்டுப்பாட்டு ஆணை போட்டிருக்கிறது. அது நல்ல விஷயம்தான். ஆனால் எங்கள் ஊரில் சைக்கிள் வெறும் சைக்கிளாக ரோட்டில் போவதில்லை. பால்காரர் வண்டியைப் பாருங்கள். கேரியரின் இரண்டு பக்கமும் கேன் தொங்கும், நடுவில் ஒரு சாக்கு மடித்துக் கட்டியிருக்கும், அதன் ஓரம் மட்கார்டு மேல் வழிந்து கிடக்கும். ரிப்ளெக்டரின் சிவப்பு வில்லை அந்தச் சாக்குக்குள் இருக்கிறது. புல்லுக்கட்டு ஏற்றினால் பின்சக்கரமே பாதி மறைந்துவிடும். பிள்ளைகளின் புத்தகப் பையும் அப்படித்தான், கேரியரில் வைத்துக் கட்டினால் அதன் வார் ரிப்ளெக்டர் மேலேயே தொங்குகிறது. போதாததற்குச் சேறு. பழைய சைக்கிள்களில் அந்த வில்லையும் கிடையாது, எப்போதோ உடைந்து விழுந்திருக்கும்.

ஆகவே பட்டை கொடுத்தால் மட்டும் போதாது, எங்கே ஒட்டுகிறோம் என்பதுதான் முக்கியம். ஒருநாள் ராத்திரி நாங்களே சில சைக்கிள்களில் ஒட்டி ஓரமாக ஓட்டவிட்டு, பின்னால் பைக்கில் வந்து பார்த்தோம். பின்சக்கரத்துக்கு இரு பக்கமும் அச்சு வரை போகிற கம்பிகளில் சுற்றியது, எந்தச் சுமை ஏற்றினாலும் மறையவில்லை. பால் கேனின் வெளிப்பக்கத்திலேயே ஒட்டியது மிக நன்றாகத் தெரிந்தது. எல்லாவற்றையும்விடக் கண்ணை இழுத்தது பெடல்தான். பெடலின் பின்விளிம்பில் ஒட்டிய சின்னத் துண்டு மேலும் கீழும் போய்வருவதைப் பார்த்த மாத்திரத்தில், மிதிப்பது ஒரு மனுஷர் என்று புரிந்துவிடுகிறது. அசையாத ஒளி மைல்கல்லாகவும் இருக்கலாம், நிறுத்தி வைத்த வண்டியாகவும் இருக்கலாம்.

நிறமும் மாறிவிடக்கூடாது. பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை, பெடலுக்கு மஞ்சள். குறுக்குச் சாலையிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரிய ஸ்போக்ஸ் கம்பிகளில் ஏதாவது வேண்டும். அப்புறம், பளீர் பச்சை, ஆரஞ்சு நிறச் சட்டைகளைக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த நிறங்கள் பகலிலும் அந்தி மயங்கும் நேரத்திலும்தான் எடுப்பாகத் தெரியும். இருட்டில் ஹெட்லைட் பட்டால் அவற்றுக்குத் தனிச் சக்தி எதுவும் கிடையாது, சட்டையில் தைத்திருக்கும் வெள்ளிப் பட்டைதான் மின்னும். அந்தப் பட்டையும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறதோ அங்கேயே திருப்பி அனுப்பும். ஹெட்லைட் எரியாத வண்டிக்கு அது பயன்படாது. அதனால் பின்னால் ஒரு சிவப்பு பேட்டரி விளக்கும் கட்டாயம் தேவை. முன்பு டைனமோ இருந்தது, மிதித்தால் எரியும், நின்றால் அணைந்துவிடும். இப்போதைய சின்ன விளக்குகளுக்கு அந்தக் குறையும் இல்லை.

லாரியும் பஸ்ஸும் எப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குப் போகும்போது ஒளிரும் பட்டை இல்லாவிட்டால் சான்று கிடைக்காது. கரும்பு டிராக்டருக்கும் மாட்டு வண்டிக்கும் போலீசார் நிறுத்தி ஒட்டிவிடுவதைப் பார்த்திருக்கிறோம். சாலையில் எல்லாரிலும் எளிதில் அடிபடக்கூடிய சைக்கிள்காரருக்கும் அதே அக்கறை கிடைக்க வேண்டும்.

பிளஸ் 1 மாணவ மாணவியருக்கு விலையில்லா சைக்கிள் வழங்கும் நாளில், பள்ளி வளாகத்திலேயே ஒவ்வொரு வண்டிக்கும் மேலே சொன்ன இடங்களில் பட்டை ஒட்டி, பின்விளக்கு பொருத்திக் கையில் கொடுக்க உத்தரவிட வேண்டுகிறோம். ஏற்கெனவே சைக்கிள் வாங்கிய பிளஸ் 2 பிள்ளைகளையும் விட்டுவிட வேண்டாம். பெரியவர்களுக்குப் பால் சொசைட்டிகளிலும் நூறு நாள் வேலை நடக்கும் இடங்களிலும் முகாம் போட்டால், வேலையை விட்டுவிட்டு யாரும் வேலூர் வரை அலைய வேண்டியிருக்காது. தாங்கள் தலைமை வகிக்கும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவில் இதை வைத்து, சாலைப் பாதுகாப்பு நிதியிலிருந்து செலவிட முடியும் என்று நம்புகிறோம்.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்கிறோம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 138 (1-ஏ) உட்பிரிவு, சைக்கிள் போன்ற இயந்திரமில்லா வண்டிகளுக்கு மாநில அரசு விதி வகுக்கலாம் என்கிறது. அந்த விதி வரும்போது அபராதத்தில் ஆரம்பிக்க வேண்டாம் என்று தாங்கள் அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும். லைட் இல்லாமல் வந்தவர்களைப் போலீசார் பிடித்துக் காற்றைப் பிடுங்கிவிட்ட காலம் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. காற்று இல்லாத வண்டியை இருட்டில் தள்ளிக்கொண்டு போனவருக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. அன்றாடக் கூலியில் ஓடுகிறவரிடம் பணம் வாங்குவதற்குப் பதிலாக, நிறுத்திய இடத்திலேயே ஒரு துண்டு பட்டை ஒட்டி அனுப்பலாம்.

கார்த்திகை தீபக் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே முதல் முகாமைக் கணியம்பாடியில் நடத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். ஒட்டுவதற்கு ஆள் வேண்டுமென்றால் ஊர் இளைஞர்கள் வரத் தயாராக இருக்கிறார்கள். பட்டை ஒட்டிய சைக்கிளையும் ஒட்டாத சைக்கிளையும் ராத்திரியில் எடுத்த படங்களை இத்துடன் இணைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணியம்பாடி சுற்றுவட்டார சைக்கிள் ஓட்டுவோர் மற்றும் பெற்றோர்
(கையொப்பங்கள் தனித்தாளில்)