பிள்ளை உன்னிடமே வளரட்டும்

இணுவில், யாழ்ப்பாணம்.

அன்புள்ள மகளுக்கு,

பிரசவ விடுமுறை முடிந்ததும் பிள்ளையை எங்களிடம் விடலாமா என்று நீ கேட்டதை நானும் அப்பாவும் பலமுறை யோசித்தோம். பேத்தி இங்கே வளர்வதைவிட எங்களுக்கு வேறென்ன வேண்டும்? ஆனாலும் அவள் கொழும்பில் உன்னோடுதான் இருக்க வேண்டும். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் தாயைக் கண்டு அம்மம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளியும் பிள்ளைகளை நம் ஒழுங்கையிலேயே பார்த்திருக்கிறேன். அந்தத் தாயின் முகம் உனக்கு வரக்கூடாது.

முதலில் உங்கள் இருவரின் வேலை நேரங்களையும் ஒரே தாளில் எழுதிப் பார். ஆஸ்பத்திரியில் உனக்குக் காலை 7 முதல் 1 வரை, அல்லது 1 முதல் மாலை 7 வரை, இல்லையேல் இரவு 7 முதல் மறுநாள் காலை 7 வரை கடமை. மருமகனின் கந்தோர் வேலை 8.30 முதல் 4.15 வரை. காலைக் கடமையன்று அவர் பிள்ளையைப் பராமரிப்பு நிலையத்தில் விட, நீ மத்தியானம் கூட்டி வரலாம். பிற்பகல் கடமையன்று நீ விட, அவர் கூட்டி வரலாம். சிக்கல் இரவுக் கடமைக்கு அடுத்த பகலில்தான் இருக்கிறது. நீ வீட்டில் நிற்பதால் பிள்ளையையும் நீயே பார்ப்பாய் என்று எல்லோரும் நினைப்பார்கள். இரவு முழுவதும் வாட்டில் விழித்திருந்துவிட்டு, தவழும் பிள்ளைக்குப் பின்னால் திரிவது உன் உடலுக்கும் ஆகாது, பிள்ளைக்கும் பாதுகாப்பில்லை. ஆகவே அந்த உறக்கத்தையும் வேலை நேரமாகவே கணக்கிட்டு, அன்றும் அவளை நிலையத்துக்கு அனுப்பு. கட்டணம் சற்றுக் கூடினாலும் ஆஸ்பத்திரிக்கு அருகிலுள்ள இடமாகவே பார். பால் கொடுக்க ஓடிப்போய் வரலாம்.

முழுச் சம்பளத்துடன் உனக்குக் கிடைக்கும் பிரசவ விடுமுறை 84 வேலை நாட்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்க அது போதாது. அதன் பின் அரைச் சம்பளத்தில் கிடைக்கும் 84 நாட்களையும் தயங்காமல் எடு. குறைகின்ற பணத்தை அப்பா அனுப்புவார். தந்தைக்கு அரசாங்கம் தருவது 3 நாட்கள் மட்டுமே என்பதால், மருமகன் தன் சொந்த விடுமுறையை இப்போதே செலவழிக்காமல், நீ வேலைக்குத் திரும்பும் வாரங்களுக்காக வைத்திருக்கட்டும். அவரிடம் இதை நீயே பேசு. நான் சொன்னால் மாமியின் கட்டளையாகிவிடும்.

நீ கடமைக்குத் திரும்பும் முதல் மாதம் நான் அங்கே வந்து நிற்பேன். பிள்ளை புதிய இடத்துக்குப் பழகும்வரை நான் பக்கத்தில் இருப்பது உங்கள் மூவருக்குமே ஆறுதலாக இருக்கும். அந்த மாதக் கடமை அட்டவணை கிடைத்தவுடன் படமெடுத்து அனுப்பு. புகையிரதத்தில் இடம் பதிய வேண்டும்.

அன்புடன்,
அம்மா